மேசைக் கணினியில் தொடங்கல் தாமதம்

தொடங்கல் தாமதம் என்பது, பவர் பொத்தானை அழுத்திய நொடியிலிருந்து கணினி பயன்பாட்டுக்கு ஆயத்தமாகும் வரை வழக்கத்தைவிட நீண்ட நேரம் பிடிக்கும் நிலையாகும். உதிரிப் பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பொருத்திய மேசைக் கணினிகளில், அதாவது பேச்சு வழக்கில் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் எனப்படுபவற்றில், இது அடிக்கடி எழும் சிக்கலாகும். நிறுவனங்கள் முழுமையாக விற்கும் கணினிகளில் தாய்ப்பலகை, நினைவகம், வட்டு, நிலைபொருள் அமைப்புகள் ஆகியவை ஒன்றுக்கொன்று ஒத்துவருகின்றனவா என்று தயாரிப்பாளரே சோதித்து அனுப்புகிறார். அசெம்பிள் செய்த கணினியில் அந்தப் பொறுப்பு அதை அமைத்தவரைச் சேர்கிறது.

தாமதத்திற்கு ஒரே காரணம் கிடையாது. எனவே அது தொடங்கலின் எந்தக் கட்டத்தில் ஏற்படுகிறது என்று கண்டறிவதே முதல் பணியாகும். இதைச் செய்யாமல் புதிய நினைவகம் வாங்குவதாலும், விண்டோசை மீண்டும் நிறுவுவதாலும் பணமும் நேரமும் வீணாகக்கூடும். மேலும், நன்றாக இயங்கிவந்த கணினியில் திடீரெனத் தோன்றும் தாமதம் சில வேளைகளில் வட்டு பழுதடைவதன் முதல் அறிகுறியாகும். அந்நிலையில் வேகத்தைவிடத் தரவைக் காப்பதே முதன்மையானது.

தொடங்கலின் கட்டங்கள்

கணினியின் தொடக்கத்தை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கலாம்.

1. நிலைபொருள் கட்டம்: தாய்ப்பலகையில் உள்ள நிலைபொருள், நுண்செயலி, நினைவகம், வரைகலை அட்டை, வட்டுகள், விசைப்பலகை ஆகியவற்றைச் சோதித்து இயக்க நிலைக்குக் கொண்டுவருகிறது. 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனிமேசைக் கணினியில் இப்பணியைப் பயாஸ் செய்தது. இக்காலக் கணினிகளில் யூஇஎஃப்ஐ அதைச் செய்கிறது. எனினும் பயாஸ் என்ற பெயரே இன்றும் வழக்கில் உள்ளது.
2. தொடங்கேற்றிக் கட்டம்: விண்டோஸ் பூட் மேனேஜர், கிரப் போன்ற சிறு நிரல்கள் இயங்குதளத்தை வட்டிலிருந்து நினைவகத்திற்கு ஏற்றுகின்றன.
3. கருனிக் கட்டம்: இயங்குதளத்தின் மையப் பகுதியான கருனியும் வன்பொருள் இயக்கிகளும் செயல்படத் தொடங்குகின்றன.
4. சேவைகள் கட்டம்: பின்னணிச் சேவைகள் தொடங்கி, உள்நுழைவுத் திரை தோன்றுகிறது.
5. உள்நுழைவுக்குப் பிந்தைய கட்டம்: திரைமுகப்பும், தானாகத் தொடங்குமாறு அமைக்கப்பட்ட மென்பொருள்களும் திறக்கின்றன.

திரையைக் கவனித்தாலே கட்டத்தை ஓரளவு ஊகிக்கலாம். பொத்தானை அழுத்திய பின் திரை நெடுநேரம் இருண்டே இருந்தால் சிக்கல் பெரும்பாலும் நிலைபொருள் கட்டத்தில், குறிப்பாக நினைவகத்தில் இருக்கும். தாய்ப்பலகையின் சின்னம் மட்டும் தெரிந்து, அதன்கீழ் எதுவும் சுழலாமல் நின்றால் இணைக்கப்பட்ட சாதனங்களையோ வட்டுகளையோ ஐயுறலாம். சின்னத்தின் கீழ் புள்ளிகளோ வளையமோ சுழலத் தொடங்கிவிட்டால், திரையில் தாய்ப்பலகை நிறுவனத்தின் சின்னமே தொடர்ந்து தெரிந்தாலும், கட்டுப்பாடு விண்டோசுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

நேரத்தை அளவிடல்

விண்டோஸ் 8 முதல் டாஸ்க் மேனேஜரில் தானியங்கு தொடக்க மென்பொருள்களைப் பட்டியலிடும் ஸ்டார்ட்டப் பகுதியில் ‘லாஸ்ட் பயாஸ் டைம்’ என்ற அளவு நொடிகளில் காட்டப்படுகிறது. இது நிலைபொருள் எடுத்துக்கொண்ட நேரமாகும். விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்டிருந்தால் மட்டுமே இது தோன்றும். மேசைக் கணினிகளில் இந்நேரம் 10 முதல் 20 நொடி வரை இருப்பது இயல்பே. ஒரு கணினி தொடங்க மொத்தம் 70 நொடி ஆகிறது, அதில் பயாஸ் நேரம் 45 நொடி என்று கொள்வோம். விண்டோசில் எதை மாற்றினாலும் மீதமுள்ள 25 நொடியில்தான் குறைக்க முடியும். 45 நொடிக்கான காரணத்தைத் தாய்ப்பலகை அமைப்புகளிலும் இணைக்கப்பட்ட சாதனங்களிலும்தான் தேட வேண்டும்.

விண்டோசின் பங்கை அறிய ஈவென்ட் வியூவர் பயன்படுகிறது. அதில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல் என்ற வரிசையில் உள்ள பதிவேட்டில் 100 என்னும் எண்ணுடைய நிகழ்வு தொடங்கல் நேரத்தை மில்லிநொடிகளில் தருகிறது. 101 தாமதமாக்கிய மென்பொருளையும், 102 இயக்கியையும், 103 சேவையையும் பெயருடன் குறிப்பிடுகின்றன.

கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தால் மொத்த நேரத்தையும் குறித்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் முன்னும் பின்னும், ஒரே முறையில், மூன்று தடவையாவது அளந்தால்தான் ஒப்பிட முடியும். ஒரே நேரத்தில் பல மாற்றங்களைச் செய்தால் எது பயன் தந்தது என்பது தெரியாமல் போகும்.

பெயர் ஒற்றுமையால் வரும் குழப்பம்

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப், ஃபாஸ்ட் பூட் ஆகிய இரண்டும் வெவ்வேறானவை. முன்னது விண்டோஸ் 8இல் அறிமுகமான விண்டோஸ் வசதி. கணினியை அணைக்கும்போது கருனியின் நிலையை வட்டில் சேமித்து, அடுத்த முறை அதையே மீண்டும் ஏற்றுகிறது. எனவே ‘ஷட் டவுன்’ கொடுத்த கணினி முழுமையாகப் புதிதாகத் தொடங்குவதில்லை. ‘ரீஸ்டார்ட்’ கொடுக்கும்போதுதான் முழுத் தொடக்கம் நடைபெறுகிறது. அணைத்துத் தொடங்கும்போது விரைவாகவும் ரீஸ்டார்ட்டின்போது மெதுவாகவும் இருப்பது பழுதன்று. மாறாக, ரீஸ்டார்ட் விரைவாகவும் அணைத்துத் தொடங்குதல் மெதுவாகவும் இருந்தால், சேமித்த நிலையை மீட்பதில் ஓர் இயக்கி இடறுகிறது என ஐயுறலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

ஒரே கணினியில் லினக்சும் இருந்தால் இவ்வசதியை அணைத்துவிடுவது பாதுகாப்பானது. விண்டோஸ் பகிர்வு முழுமையாக மூடப்படாத நிலையில் லினக்ஸ் அதில் எழுதினால் தரவு சிதையக்கூடும்.

ஃபாஸ்ட் பூட் என்பது தாய்ப்பலகையின் அமைப்பாகும். இது நிலைபொருள் கட்டத்தில் சில சோதனைகளையும் யூஎஸ்பி சாதனங்களைத் தயார்செய்வதையும் தவிர்க்கிறது. மிக விரைவான நிலையைத் தேர்ந்தால், விண்டோஸ் தொடங்கும் வரை விசைப்பலகை இயங்காமல், பயாஸ் திரைக்குள் நுழைய முடியாமல் போகலாம். அப்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் பட்டியலில் யூஇஎஃப்ஐ அமைப்பைத் தேர்ந்து உள்ளே செல்லலாம்.

நிலைபொருள் கட்டத் தாமதங்கள்

நினைவகப் பயிற்சி

டிடிஆர்5 நினைவகம் உள்ள கணினிகளில், குறிப்பாக 2022இல் வெளிவந்த ஏஎம்டி ஏஎம்5 தாய்ப்பலகைகளில், தாமதத்திற்கான முக்கியக் காரணம் நினைவகப் பயிற்சியாகும். நுண்செயலியும் நினைவகமும் மிக உயர்ந்த வேகத்தில் தரவைப் பரிமாற வேண்டுமானால், மின்னழுத்தங்களையும் சைகைகளின் நேர இடைவெளிகளையும் நுணுக்கமாகச் சரிசெய்ய வேண்டும். நிலைபொருள் பல மதிப்புகளை முயன்று பார்த்து இதைச் செய்கிறது. புதிதாக அமைத்த கணினியின் முதல் தொடக்கத்தில் இதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். நினைவகத்தின் கொள்ளளவும் பொருத்திய பலகைகளின் எண்ணிக்கையும் கூடினால் நேரமும் கூடும். அதுவரை திரை இருண்டே இருப்பதால், கணினி இயங்கவில்லை எனக் கருதி இடையில் மின்சாரத்தைத் துண்டிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பயிற்சி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

ஒவ்வொரு தொடக்கத்திலும் பயிற்சி நடைபெறுவதைத் தவிர்க்க, ஏஎம்5 பலகைகளில் ‘மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்’ என்ற அமைப்பு உள்ளது. இதை இயக்கினால் முன்பு கண்டறிந்த மதிப்புகளே மீண்டும் பயன்படுத்தப்படும். ஆனால் நினைவகம் உறுதியாக இயங்கும் நிலையில் மட்டுமே இது ஏற்றது. இதை இயக்கிய பின் நீலத் திரைப் பிழைகளோ நினைவகச் சோதனையில் பிழைகளோ தோன்றினால், முதலில் பயாசைப் புதுப்பித்துப் பார்க்க வேண்டும். அதன் பின்னும் பிழை நீடித்தால், இவ்வமைப்பை அணைத்துவிட்டுத் தாமதத்தை ஏற்றுக்கொள்வதோ, எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ வழியே உயர்த்திய நினைவக வேகத்தைக் குறைப்பதோதான் வழி. சில நொடிகளை மிச்சப்படுத்துவதற்காக, பிழையுடன் இயங்கும் நினைவகத்தில் கோப்புகளைக் கையாளுவது தகாது.

அறிகுறி விளக்குகள்

இக்காலத் தாய்ப்பலகைகள் பலவற்றில் நுண்செயலி, நினைவகம், வரைகலை அட்டை, தொடங்கல் வட்டு ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு சிறு விளக்குகள் உள்ளன. தொடக்கத்தின்போது அவை ஒவ்வொன்றாக ஒளிர்ந்து அணையும். எந்த விளக்கு நெடுநேரம் ஒளிர்கிறதோ அந்தப் பாகத்தின் சோதனையில் தாமதம் உள்ளது என அறியலாம். விலை உயர்ந்த பலகைகளில் இரண்டு இலக்கக் குறியீட்டைக் காட்டும் சிறு திரையும் இருக்கும். அக்குறியீடுகளின் பொருள் பலகையின் கையேட்டில் தரப்பட்டிருக்கும்.

மின்கலம்

தாய்ப்பலகையில் நாணய வடிவில் உள்ள சிஆர்2032 என்னும் 3 வோல்ட் மின்கலம், மின் இணைப்பு இல்லாதபோது கடிகாரத்தை இயக்குகிறது. பல பலகைகளில் பயாஸ் அமைப்புகளும் அதைச் சார்ந்தே நிலைக்கின்றன. கணினியைப் பயன்படுத்தியதும் சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்துவிடும் வழக்கமுள்ள வீடுகளில் இம்மின்கலம் விரைவில் தீரும். தீர்ந்தால் தேதியும் நேரமும் மாறிப்போகும். அமைப்புகள் அழிந்து, ஒவ்வொரு முறையும் எஃப்1 விசையை அழுத்துமாறு செய்தி தோன்றலாம். நினைவகப் பயிற்சியும் மீண்டும் மீண்டும் நடைபெறலாம். குறைந்த செலவில் தீரக்கூடிய சிக்கல் என்பதால், சில ஆண்டுகள் பழகிய கணினியில் இதை முதலிலேயே கவனிக்கலாம்.

இணைக்கப்பட்ட சாதனங்கள்

வெளி வன்தட்டு, நினைவட்டைப் படிப்பி, யூஎஸ்பி ஹப், அச்சுப்பொறி ஆகியவற்றை நிலைபொருள் ஒவ்வொன்றாக அடையாளம் காண முயல்கிறது. பதில் தராத சாதனத்திற்காக அது காத்திருக்கும். விசைப்பலகை, சுட்டி, ஒரு திரை ஆகியவற்றை மட்டும் விட்டு மற்ற அனைத்தையும் கழற்றித் தொடங்கிப் பார்ப்பது எளிய சோதனையாகும். நேரம் குறைந்தால், ஒவ்வொன்றாக மீண்டும் இணைத்துக் காரணத்தைக் கண்டறியலாம்.

தொடங்கல் வரிசையில் வலையமைப்பு அட்டை முதலிடத்தில் இருந்தால், கணினி முதலில் வலையமைப்பில் இயங்குதளத்தைத் தேடிவிட்டு, கிடைக்காத பின்னரே வட்டுக்கு வரும். விண்டோஸ் உள்ள வட்டை முதலிடத்தில் வைத்து, வலையமைப்புத் தொடக்கத்தை அணைத்தால் இந்நேரம் மிச்சமாகும்.

சேமிப்பகத்தால் ஏற்படும் தாமதம்

விண்டோஸ் வன்தட்டில் நிறுவப்பட்டிருந்தால், மிகப் பெரிய முன்னேற்றத்தைத் தருவது அதை எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலை வட்டுக்கு மாற்றுவதாகும். இதன் காரணத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வன்தட்டில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி ஆகும். வேண்டிய தரவு படிமுனையின் கீழ் வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிநொடி தேவை. படிமுனை உரிய தடத்திற்கு நகர மேலும் 8 அல்லது 9 மில்லிநொடி ஆகும். ஆகவே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு ஏறத்தாழ 80 முறை மட்டுமே அதனால் அணுக முடியும். தொடங்கலின்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் படிக்கப்படுகின்றன. நகரும் பாகங்கள் இல்லாத எஸ்எஸ்டி, நொடிக்குப் பல்லாயிரம் அணுகல்களைக் கையாளும்.

சாட்டா வகை எஸ்எஸ்டியிலிருந்து என்விஎம்இ வகைக்கு மாறுவது இதே அளவு பயன் தராது. சாட்டா வகை நொடிக்குச் சுமார் 550 மெகாபைட்டும், பிசிஐஇ 4.0 என்விஎம்இ வகையில் வேகமானவை சுமார் 7000 மெகாபைட்டும் படிக்கும். ஆயினும் தொடங்கல் நேரத்தில் கிடைக்கும் வேறுபாடு பெரும்பாலும் சில நொடிகளே. நிலைபொருள் சோதனையும், இயக்கிகள் வன்பொருளின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரமும் வட்டின் வேகத்தைச் சார்ந்தவை அல்ல என்பதே காரணம்.

பழுதடையும் வட்டு

எஸ்எஸ்டியில் இயங்கும் கணினியும், அதில் தரவுக்காகப் பொருத்திய பழைய வன்தட்டு பழுதடைந்தால் மெதுவாகத் தொடங்கும். நிலைபொருளும் விண்டோசும் எல்லா வட்டுகளையும் அடையாளம் காண முயல்வதும், படிக்க இயலாத பகுதிகளை வட்டு மீண்டும் மீண்டும் முயன்று பார்ப்பதும் இதற்குக் காரணங்களாகும்.

வட்டின் உடல்நிலையைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருள்களால் அறியலாம். இவை வட்டே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அளவுகளைக் காட்டுகின்றன. வன்தட்டில் கவனிக்க வேண்டியவை:

- 05: பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை
- சி5: படிக்க இயலாமல் நிலுவையில் உள்ள பகுதிகளின் எண்ணிக்கை
- சி6: திருத்த இயலாத பகுதிகளின் எண்ணிக்கை
- சி7: வட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையிலான தரவுப் பரிமாற்றப் பிழைகள்

முதல் மூன்றும் பூச்சியமாக இல்லாமல் நாளுக்கு நாள் உயர்ந்தால் வட்டின் ஆயுள் முடிவை நெருங்குகிறது எனக் கொள்ள வேண்டும். சி7 மட்டும் உயர்ந்தால் பெரும்பாலும் சாட்டா கம்பியே காரணம். கம்பியை மாற்றுவதே போதுமானதாக இருக்கும். ஏற்கனவே பதிவான எண் குறையாது, ஆனால் மேலும் உயராமல் நிற்க வேண்டும். ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவேட்டில் வட்டு தொடர்பாக 7, 129, 153 ஆகிய எண்கள் அடிக்கடி பதிவாவதும் எச்சரிக்கையே.

இவ்வறிகுறிகள் தென்பட்டால் முதலில் தேவையான கோப்புகளை வேறொரு வட்டுக்குப் படியெடுக்க வேண்டும். அதற்கு முன் செக் டிஸ்க் முழுச் சோதனையை இயக்குவது, பழுதான வட்டுக்குப் பல மணி நேரம் கூடுதல் சுமையைத் தந்து, மீட்கக்கூடிய தரவையும் இழக்கச் செய்யலாம்.

விண்டோசுக்குள் ஏற்படும் தாமதம்

உள்நுழைவுக்குப் பிறகே கணினி மெதுவாகிறது என்றால் தானாகத் தொடங்கும் மென்பொருள்களைப் பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜர் அவற்றின் தாக்கத்தை உயர்வு, நடுத்தரம், குறைவு என வகைப்படுத்துகிறது. தொடங்கலின்போது நுண்செயலியில் 1 நொடிக்கு மேலோ, வட்டில் 3 மெகாபைட்டுக்கு மேலோ பயன்படுத்துபவை உயர் தாக்கம் உடையவை. தேவையற்றவற்றை அங்கேயே முடக்கலாம். முடக்குவதால் மென்பொருள் அழிவதில்லை. வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

அசெம்பிள் செய்த கணினிகளுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. தாய்ப்பலகை, வரைகலை அட்டை, நினைவகம், விசைப்பலகை ஆகியவை வெவ்வேறு நிறுவனங்களுடையவையாக இருந்தால், ஒவ்வொன்றின் வண்ண விளக்குகளையும் விசிறிகளையும் கட்டுப்படுத்தத் தனித்தனி மென்பொருள் நிறுவப்படுகிறது. அவை பின்னணிச் சேவைகளையும் இயக்கிகளையும் சேர்ப்பதோடு, ஒரே வன்பொருளைக் கையாள ஒன்றோடொன்று முரண்படவும் கூடும். ஒரு மென்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குவது பயன் தரும். இரண்டு நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்களை ஒருசேர வைத்திருப்பதும் இத்தகையதே.

காரணம் தெரியாதபோது ‘கிளீன் பூட்’ முறை உதவும். எம்எஸ்கான்ஃபிக் கருவியின் சேவைகள் பட்டியலில் மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைத்துவிட்டு, எஞ்சியவற்றை முடக்கி மறுதொடக்கம் செய்ய வேண்டும். நேரம் குறைந்தால், சேவைகளைப் பாதிப் பாதியாக இயக்கிப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டறியலாம். மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைக்காமல் அனைத்தையும் முடக்குவது தவறாகும்.

லினக்சில்

சிஸ்டம்டி பயன்படுத்தும் லினக்ஸ் வழங்கல்களில் ‘சிஸ்டம்டி-அனலைஸ்’ என்ற கட்டளை, நிலைபொருள், தொடங்கேற்றி, கருனி, பயனர்வெளி ஆகிய ஒவ்வொன்றும் எடுத்த நேரத்தைத் தனித்தனியே தருகிறது. அதனுடன் ‘பிளேம்’ என்ற சொல்லைச் சேர்த்தால் சேவைகள் எடுத்த நேரம் இறங்கு வரிசையில் தோன்றும். ‘கிரிட்டிகல்-செயின்’ என்பதைச் சேர்த்தால் எந்தச் சேவை எதற்காகக் காத்திருந்தது என்பது விளங்கும்.

தொடக்கம் சரியாக ஒன்றரை நிமிடம் தாமதித்தால், கழற்றப்பட்ட வட்டு ஒன்றின் பெயர் ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாத வட்டுக்காகச் சிஸ்டம்டி இயல்பாக 90 நொடி காத்திருக்கும். அவ்வரியை நீக்கினாலோ ‘நோஃபெயில்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தாலோ தாமதம் நீங்கும்.

முன்னெச்சரிக்கைகள்

- பயாஸ் அமைப்புகளை மாற்றும் முன்பும், பயாசைப் புதுப்பிக்கும் முன்பும், பிட்லாக்கர் குறியாக்கம் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 11இல் பயனர் அறியாமலேயே அது இயங்கியிருக்கக்கூடும். மாற்றத்திற்குப் பின் விண்டோஸ் 48 இலக்க மீட்புத் திறவெண்ணைக் கேட்கலாம். அது கையில் இல்லையென்றால் வட்டில் உள்ள தரவை மீட்க இயலாது.
- பழைய பயாஸ் முறையில் நிறுவிய விண்டோஸ் உள்ள கணினியில் சிஎஸ்எம் அமைப்பை அணைத்தால் விண்டோஸ் தொடங்காது. முதலில் வட்டின் பகிர்வு அட்டவணையை எம்பிஆர் வகையிலிருந்து ஜிபிடி வகைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸ் 10இன் 1703 பதிப்பு முதல் இதற்கான கருவி உடன் வருகிறது.
- பயாஸ் புதுப்பிப்பின்போது மின்சாரம் தடைபட்டால் தாய்ப்பலகை இயங்காமல் போகலாம். யூபிஎஸ் இணைப்பில் செய்வது நல்லது.

பயன் தராத வழிகள்

எம்எஸ்கான்ஃபிக் கருவியில் நுண்செயலிக் கருக்களின் எண்ணிக்கையைத் தேர்ந்தால் தொடக்கம் விரைவாகும் என்ற கருத்து தவறானது. விண்டோஸ் இயல்பாகவே எல்லாக் கருக்களையும் பயன்படுத்துகிறது. அவ்வமைப்பு சோதனைக்காக எண்ணிக்கையைக் குறைப்பதற்கே உள்ளது. ப்ரீஃபெட்ச் கோப்புறையை அழிப்பது, அடுத்த தொடக்கத்தை மேலும் தாமதமாக்கும். ரெஜிஸ்ட்ரியைத் தூய்மை செய்யும் மென்பொருள்கள் வேகத்தைக் கூட்டுவதில்லை. தவறான பதிவை நீக்கினால் கேடும் விளையும். 16 கிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் மேலும் நினைவகம் சேர்ப்பதாலும் தொடங்கல் நேரம் குறையாது. டிடிஆர்5 கணினியில் அது பயிற்சி நேரத்தைக் கூட்டவும் கூடும்.

சோதனை வரிசை

1. தேவையான கோப்புகளைப் படியெடுத்தல், பிட்லாக்கர் மீட்புத் திறவெண்ணைக் குறித்துவைத்தல்
2. மொத்த நேரத்தையும் பயாஸ் நேரத்தையும் அளத்தல்
3. வட்டுகளின் ஸ்மார்ட் அளவுகளைப் பார்த்தல்
4. கூடுதல் சாதனங்களைக் கழற்றித் தொடங்குதல்
5. பயாஸ் நேரம் மிகுதியானால் நினைவகம், மின்கலம், தொடங்கல் வரிசை ஆகியவற்றைச் சரிபார்த்தல்
6. பயாஸ் நேரம் இயல்பாக இருந்தால் தானியங்கு மென்பொருள்களையும் சேவைகளையும் சோதித்தல்
7. இவற்றால் பயனில்லாதபோது மட்டும் விண்டோசை மீண்டும் நிறுவுதல்

எல்லாத் தாமதமும் பழுதன்று. டிடிஆர்5 நினைவகமும் பல வட்டுகளும் கொண்ட கணினி, எஸ்எஸ்டி பொருத்திய பழைய மடிக்கணினியைவிட மெதுவாகத் தொடங்குவது இயல்பே. தொடங்கிய பின் பிழையின்றி இயங்கி, நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தை எடுத்துக்கொள்ளும் கணினியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. காரணமின்றி நேரம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவதுதான் உடனடியாகக் கவனிக்க வேண்டிய அறிகுறியாகும்.